பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர்

எங்கள் வீட்டுக்கு வரும் காகிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. ரேஷன் கடை அறிவிப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு, வனத்துறைக்காரர்கள் வேலிக்கம்பில் ஒட்டிவிட்டுப் போகும் நோட்டீஸ் எல்லாம் என் கைக்குத்தான் வரும். குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து, கீழே இறங்கிப்போய் கல்லூரியும் முடித்த முதல் ஆள் நான். ஆனால் படிப்பதைவிடப் பெரிய பெருமை ஒன்று எனக்கு இருந்தது. நான் படித்துச் சொன்ன காகிதத்தை அப்பா இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரை ஒரு சனிக்கிழமை மத்தியானம் புதிய சிஸ்டத்துக்கு மாற்றப்போய் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது.

அப்படிச் சரிபார்க்கிறவருக்கு எங்கள் வீட்டில் இரண்டாவது ஆள் என்று பெயர், அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறப்பதற்கு முன்னால், கரண்டு இணைப்புக்கு விண்ணப்பம் என்று சொல்லி ஒரு காகிதத்தில் அப்பாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். ஊரிலேயே எழுத்து தெரிந்த ஒருவர் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டினார். படித்தது எல்லாம் சரிதான், நடுவில் நாலு வரி மட்டும் படிக்கவில்லை. வட்டக்கானல் சரிவில் எங்களுக்கு இருந்த பிளம்ஸ் மரங்களும் மரம் நின்ற மண்ணும் அந்த நாலு வரியில் இருந்தன. அதற்குப் பிறகு அப்பா ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டார். எந்தக் காகிதமானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துச் சொல்ல வேண்டும். அந்த இருவரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். பேசிக்கொள்கிறவர்கள் என்றால் சேர்ந்துகொண்டு ஏமாற்றிவிடலாம் அல்லவா? எங்கள் ஊரில் இருப்பது கொஞ்சம் வீடுகள்தான் என்றாலும் அப்படிப்பட்ட ஜோடிக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். முதலில் படித்தவர், இரண்டாவது வாசிப்பைக் கேட்கும் தூரத்தில் இருக்கலாம், பார்க்கும் தூரத்தில் இருக்கக் கூடாது என்றுகூட ஒரு விதி உண்டு. கண்ஜாடை காட்டிவிடக் கூடாதாம்.

நான் கல்லூரி முடித்து வந்த புதிதில் என் வாசிப்புக்கும் இரண்டாவது ஆள் வந்தார்கள். ஒரு வருடம் அப்படி நடந்தது. ஒரு நாள் ஒரு நோட்டீஸைப் படித்து முடித்தேன். அப்பா அதை மடித்து நேராகத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டார். இரண்டாவது ஆளைக் கூப்பிடவில்லை. பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட எனக்கு அத்தனை சந்தோஷமாக இல்லை.

கம்ப்யூட்டர் வந்த கதையும் சந்தேகத்தில் தொடங்கியதுதான். அப்பா தோட்ட வேலை பார்த்த வீட்டில் குடியிருந்த வெளிநாட்டு டீச்சர், ஊருக்குக் கிளம்பும்போது அதை அவருக்குக் கொடுத்தார். அப்பா உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடவில்லை. இது நானாக விரும்பிக் கொடுத்தது, இவர் எடுத்துக்கொண்டு போனதல்ல என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். அந்தம்மா சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாராம். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு பேரைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தோளில் ஏற்றினார். கம்ப்யூட்டரைத் திறந்ததும் அதில் பயனர் பெயராக அப்பாவின் பெயரைத்தான் நான் போட்டேன். பொருள் அவருடையது.

இத்தனை நாள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச மாதமாக, திறக்கும்போதெல்லாம் ஒரு நீலப்பெட்டி வந்து நின்றது. உங்கள் கணினி புதிய பதிப்புக்குத் தயார், இலவசம், இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. நான் மூடிவிடுவேன். அது மறுநாளும் வரும். இது யாரோ தினம் வந்து கதவைத் தட்டுவதுபோல இருக்கிறது என்று அப்பா சொன்னார்.

"ஏலே, கேக்காம எவனாச்சும் புதுசு குடுப்பானா? பழசுல அவனுக்கு என்னமோ வேணும்."

"எல்லாருக்கும் குடுக்குறான்ப்பா."

"எல்லாருக்குமா? அப்ப சோலி பெருசுதான்."

நானும் மாற்றாமலே ஓட்டியிருப்பேன். ஆனால் வீட்டிலிருந்தபடியே பார்க்கும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். காப்பீட்டுப் படிவங்களைச் சரிபார்க்கும் வேலை. கிடைத்தால் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போகாமல் மலையிலேயே இருக்கலாம். திங்கட்கிழமை காலையில் ஆன்லைன் தேர்வு. அதற்கான மென்பொருள் புதிய பதிப்பில் மட்டும்தான் ஓடும் என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஜன்னல் விளிம்பில்தான் செல்போனுக்குச் சிக்னல் வரும். போனை ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, அதன் நெட்டிலேயே ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் இறக்கினேன். தேர்வுக்காக நண்பனிடம் ஒரு சின்ன கேமரா இரவல் வாங்கி வந்து மானிட்டர் மேல் வைத்திருந்தேன். அம்மா அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். கேட்டதற்கு, "அது எதுக்கு நம்மளயே பாத்துக்கிட்டு கெடக்கு?" என்றாள்.

எல்லாம் இறங்கி முடிந்ததும் ஒரு கட்டம் வந்தது. பொடி எழுத்தில் நீளமான ஆங்கிலம், கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற அர்த்தத்தில் ஒரு பொத்தான். இந்த மாதிரிப் பொத்தானை நான் எத்தனையோ தடவை அமுக்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. கை அதுவாகப் போனது. பின்னால் நின்றிருந்த அப்பா, அது என்ன கேட்கிறது என்றார்.

"ஒண்ணுமில்லப்பா, சும்மா ஒரு அக்ரிமெண்டு."

வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பேன். அப்பா முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டார். பொருள் அவர் பேரில் இருக்கிறது, அதனால் அதற்கு வரும் அக்ரிமெண்டும் அவருக்குத்தான் என்றார். முழுசாகப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனதுக்குள் படித்து, தமிழில் வெளியே சொல்ல வேண்டும். காமர்ஸ் பாடத்தில் முதல் வகுப்பு வாங்கியவன் நான். மூன்றாவது பத்தியிலேயே எனக்கு வியர்த்தது. அப்பா சும்மா இருக்கவில்லை. இதில் 'நாங்கள்' என்று வருகிறதே, அது எத்தனை பேர் என்று கேட்டார். கம்பெனி என்றேன். கம்பெனிக்குத் தகப்பன் பெயர், ஊர் எதுவும் போடவில்லையா என்றார். அவர்கள் பக்கத்துக் கையெழுத்து எங்கே, சாட்சி யார் என்றார். சாட்சி கிடையாது என்றேன். தேதி? கடைசியில் ஒரு மாதமும் வருடமும் இருந்தன. அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒரு புதுப் பொருளை நம் வீட்டுக்குள் இறக்குகிறவன், பொருளில் குறை வந்தால் தனக்குப் பொறுப்பில்லை என்று முதலிலேயே எழுதி வாங்குகிறானே என்று ஆச்சரியப்பட்டார். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் மணி நாலாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பத்தி வந்தது. எனக்குப் புரிந்த மட்டில் அதில் இருந்தது இதுதான். இந்த இயந்திரத்தை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்ற விவரங்கள் எங்களுக்கு வரும். வேறொரு அறிக்கையில் சொல்லியிருக்கிறபடி அவற்றை நாங்கள் வைத்துக்கொள்வோம், தேவைப்பட்டால் மற்றவர்களுக்கும் கொடுப்போம். பாதி வார்த்தைகள் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட பாதியே போதுமானதாக இருந்தது. இதைச் சொன்னால் அப்பா அங்கேயே நிறுத்திவிடுவார். நிறுத்தாவிட்டாலும், அந்த வேறொரு அறிக்கையையும் படி என்பார். அதற்குள் இன்னொரு அறிக்கை இருக்கும். திங்கட்கிழமை போய்விடும்.

மவுஸ் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். "இது முன்ன சொன்னதேதான்ப்பா, திரும்பவும் போட்டிருக்கான்" என்றேன். குரல் எனக்கே இயல்பாகத்தான் கேட்டது. அடுத்த பத்தியிலிருந்து கடைசி வரை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன்.

முடிந்ததா என்றார். முடிந்தது என்றேன். கட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறதே, அது என்ன என்று கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாம் எவ்வளவு தூரம் படித்திருக்கிறோம் என்று அது காட்டும் என்று விளக்கினேன். அப்பா தலையாட்டினார். அப்போதுதான் கவனித்தேன். மானிட்டரின் ஓரச் சட்டத்தில் அவருடைய கட்டைவிரல் நகம் பதிந்திருந்தது. நான் ஒவ்வொரு பத்தியாகச் சொல்லச் சொல்ல, அந்தக் கட்டையோடு நகத்தையும் இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார்.

"ஒவ்வொரு சேதிக்கும் அரை வெரக்கடை எறங்குச்சு. இந்த எடத்துல மட்டும் ஒண்ணரை எறங்கியிருக்கு. நீ சொன்னது ஒத்த வார்த்தை."

அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, என்னை வெளியே போய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. நாலு வருடத்துக்குப் பிறகு என் வாசிப்புக்கு இரண்டாவது ஆள் வரப்போகிறார்.

வந்தது சித்தி. எங்கள் வீட்டுக்கு மேலே முப்பது படி ஏறினால் சித்தப்பா வீடு. சித்தி கன்னியர் விடுதியில் தங்கிப் படித்து வளர்ந்தவர். ஒரு கெஸ்ட் ஹவுஸில் முன்மேசையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிற வேலை. என்னைவிட வேகமாக ஆங்கிலம் பேசுவார். ஓடையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுவரும் கறுப்பு ஹோஸை ஒரு கோடையில் யாரோ நகர்த்திவைத்ததில் அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை வந்து, மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அதனால் சித்தி எல்லாத் தகுதியும் உள்ள இரண்டாவது ஆள்.

ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் வாசலில் கால் வைத்தது கேட்டது. அம்மா முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழியைப் பார்த்துப் பேசினாள்.

"ஏ கோழி, மூணு வருசமா வழி தெரியாமக் கெடந்தியா?"

சித்தி நிலைக்கதவைப் பார்த்துப் பதில் சொன்னார். "கோழிக்கு என்ன, தண்ணி இருக்குற பக்கந்தான போகும்."

அப்பா இரண்டு பேரையும் பொதுவாக அதட்டிவிட்டு முக்காலியை நகர்த்தினார். சித்தி படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பத்தியையும் என்னைவிட நன்றாகச் சொன்னார். நான் ஒரு இடத்தில் திக்கித் திணறிச் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொன்னபோது, இவருக்கு இத்தனை தெரியுமா என்று பொறாமையாகவே இருந்தது. அந்த இடம் நெருங்க நெருங்க, என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அப்பா, ஏன் நிறுத்திவிட்டாய் தாயி என்றார்.

"நிறுத்தல மாமா. இதுல என்ன சொல்றான்னா, மிஷினு மேல இடி விழுந்தா அவங்க பொறுப்பில்லயாம். கரண்டு ஏறி எறங்கி எரிஞ்சு போனாலும் பொறுப்பில்லயாம். எலி ஒயரக் கடிச்சாலும் அப்பிடித்தான். மழைத்தண்ணி உள்ள போனாலும் நாமதான் பாத்துக்கணுமாம்."

இன்னும் நாலைந்து விபத்துகளைச் சொன்னார். அந்தப் பத்தியில் இடியும் இல்லை, எலியும் இல்லை. அந்த ஒண்ணரை விரல் அகலத்துக்கும் சேர்த்துப் பேசி நிரப்பினார். கட்டையைப் பற்றி அப்பா அவரிடம் வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் மாமா."

எழுந்து உள்ளே போய், அது அப்படி இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

அப்பா வெளியே வந்தார். கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் ஏலே என்று ஆரம்பிப்பார்.

"ஒண்ணுமில்லாத எடத்த எதுக்குப்பா தாண்டுன?" என்றார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பதுபோல.

கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றேன். ஏதாவது மோசமான சங்கதி அங்கே இருந்திருந்தால், பயந்து மறைத்தான் என்று அவருக்குக் காரணமாவது கிடைத்திருக்கும். எலிக்கும் இடிக்கும் பயந்து ஒருவன் பொய் சொல்வானா? காரணம் தெரியாத பொய்யை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றேன்.

பொத்தானை அமுக்கிக்கொள்ளச் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் தகரப்பெட்டியைத் திறந்து டீச்சர் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துவந்தார். இந்தக் கம்ப்யூட்டரை இன்றிலிருந்து என் மகனுக்குக் கொடுத்துவிட்டேன், இனி இதில் வரும் எதற்கும் அவனே பொறுப்பு என்று அதன் பின்பக்கத்தில் என்னையே எழுதச் சொன்னார். சித்தியைப் படித்துப் பார்க்கச் சொன்னார். பிறகு கைநாட்டு வைத்தார். சித்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் இருந்த அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். ஒரு மகனுக்குத் தகப்பன் ஒரு பொருளை எழுதிக்கொடுப்பது நல்ல நாளாகத்தான் இருக்க வேண்டும். அன்று வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் எல்லோருக்கும் டீ போட்டாள். சித்திக்கு உரிய டம்ளரை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். சித்தி எடுத்துக் குடித்தார்.

பொத்தானை அமுக்கினேன். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று எண்ணிக்கொண்டு போனது. வெளியே மேகம் இறங்கி முற்றம் மறைந்துவிட்டது. நல்லவேளையாகக் கரண்டு போகவில்லை. மூன்று தடவை அணைந்து எரிந்து, கடைசியில் புதிய திரை வந்தது. ஐகான்கள் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தன. இடது மூலையில் ஒரு சின்ன மேகப்படமும், பதினாலு டிகிரி என்ற எழுத்தும் இருந்தன. அது என்ன என்று அம்மா கேட்டாள். நம் ஊரில் இப்போது மேகம் இறங்கியிருக்கிறது, குளிர் இத்தனை என்று காட்டுகிறது என்றேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"இவன் எங்க நின்னு பாக்குறான்?"

நானும் சித்தியும் படித்துச் சொல்லாமல் விட்ட பத்தியில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அப்பா மூலையில் இருந்த மேகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் சித்தி தன் வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தேர்வு எழுதினேன். தேறிவிட்டேன். இப்போது அதே மேசையில் உட்கார்ந்து, யாரோ யாருடைய படிவத்திலோ எதையாவது விட்டிருக்கிறார்களா என்று நாள் முழுக்கத் தேடுகிறேன். மேற்பார்வையாளர் என் கவனத்தைப் பாராட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதை நான் வீட்டில் படித்துக் காட்டவில்லை.

வீட்டுக்கு வருகிற காகிதம் இப்போது முதலில் முப்பது படி ஏறி மேலே போகிறது. சித்தி படித்த பிறகுதான் என்னிடம் வருகிறது. நான் இரண்டாவது ஆள். வெள்ளனே வேலைக்குக் கிளம்பும்போது அப்பா அதைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு என் கதவைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறேன். அம்மாவும் சித்தியும் அன்றைய டீக்குப் பிறகு கொஞ்சம் இளகிவிட்டார்கள். ஒருநாள் ஹோஸைச் சரிசெய்யும்போது இருவரும் நேருக்கு நேராகவே பேசிவிட்டார்கள். அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நீங்க ராசியாயிட்டா ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசியில் அம்மாவும் சித்தியும் பேசிக்கொள்ளலாம், நானும் சித்தியும் மட்டும் பேசக் கூடாது என்று முடிவானது.

சித்தி அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்கும் புரியாமல், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு இட்டுக்கட்டியிருக்கலாம். புரிந்து, திங்கட்கிழமையை எனக்காகக் காப்பாற்றியிருக்கலாம். அல்லது என் இடத்துக்கு வரவேண்டும் என்று நினைத்திருக்கலாம். அவர் படித்த காகிதம் என் கைக்கு வரும்போது ஒவ்வொரு வரியாகத் தோண்டித் துருவிப் பார்க்கிறேன். எங்காவது விட்டிருக்க மாட்டாரா என்றுதான் பார்க்கிறேன், அதை மறைப்பானேன். இதுவரை ஒரு எழுத்துகூட விடவில்லை. சரியாகத்தான் படித்திருக்கிறார் என்று அப்பாவிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிப்பதில்லை.

போன மாதம் டவுனுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் சித்தி எதிரே வந்தார். கெஸ்ட் ஹவுஸ் வேலை முடிந்து, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கையில் பிரட் பாக்கெட்டுடன். பாதை குறுகலானது, ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போக முடியும். நான் ஒதுங்கி நின்றேன். அவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, என் முன்னால் நின்றார். என் சந்தேகம் எதையும் நான் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"எலி, இடின்னு நான் பாட்டுக்கு அடிச்சு விட்டுக்கிட்டு இருந்தேன். நீ ஜன்னலுக்கு வெளிய கேட்டுக்கிட்டுதான இருந்த? அதுல என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியும். நீ ஏன் சும்மா இருந்த?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நாம் பேசக் கூடாது சித்தி என்று கையால் ஜாடை காட்டிவிட்டு, நான் மேற்கொண்டு நடந்தேன். அந்த விதி அன்று எனக்கு வசதியாக இருந்தது.